ஊர்ச் சேவைச் சங்கங்கள்: ஓராண்டுப் பதவியும் நெடுங்காலத் தேவையும்

நம் நாட்டில் வணிகமும் தொழிலும் ஓரளவு வளர்ந்துள்ள ஊர்களில் ஒரு ரோட்டரி சங்கமோ, தமிழில் அரிமா சங்கம் என வழங்கும் லயன்ஸ் சங்கமோ இயங்கி வருவதைப் பெரும்பாலும் காணலாம். பேருந்து நிலையத்தில் பயணிகள் அமரும் இருக்கை, அரசுப் பள்ளியில் குடிநீர்த் தொட்டி, மருத்துவமனையில் சக்கர நாற்காலி ஆகியவற்றில் இச்சங்கங்களின் சின்னம் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், வங்கி அலுவலர் எனப் பல தொழிலினர் கூடி, தம் நேரத்திலும் வருவாயிலும் ஒரு பகுதியை ஊர் நலனுக்கு அளிக்கும் அமைப்புகள் இவை.

இவ்வாறு அளிக்கப்படும் கொடையின் பயனை எதைக் கொண்டு அளப்பது? செலவான தொகையைக் கொண்டா, பயன்பெற்றோரின் தலைக்கணக்கைக் கொண்டா, அல்லது வேறு அளவுகோல் உண்டா? மாவட்ட நிர்வாகமும் சேவைச் சங்கங்களும் பல துறைகளில் இணைந்து பணியாற்றி வருவதால், இக்கேள்வி சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் கண்ணொளிப் பணி, குருதிக்கொடை, இளம்பிள்ளைவாத ஒழிப்பு ஆகிய மூன்று துறைகளில் கிடைத்துள்ள அனுபவத்தைக் கொண்டு இதற்கு விடை காண முயலலாம்.

தோற்றமும் பரவலும்

ரோட்டரி இயக்கம் 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரால் தொடங்கப்பெற்றது. உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூட்டம் நடந்ததால் அதற்கு இப்பெயர் அமைந்தது. தொடக்கத்தில் அது உறுப்பினர்களின் நட்புக்கும் தொழில் உறவுக்குமான அமைப்பாகவே இருந்தது. பொதுப்பணி என்று அது முதன்முதலில் மேற்கொண்டது, 1907-இல் சிகாகோ நகரில் பொதுக் கழிப்பிடம் அமைப்பதற்கான முயற்சியாகும். சங்கம் அப்பணியைத் தனியே செய்துவிடவில்லை. நகர நிர்வாகத்தையும் பிற அமைப்புகளையும் இணங்கச் செய்து அதனை நிறைவேற்றியது. பின்னாளில் இச்சங்கங்கள் எங்கெங்கு நிலைத்த பயனை விளைவித்தனவோ, அங்கெல்லாம் இதே முறை பின்பற்றப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919-இல் கல்கத்தாவில் அமைந்து, 1920-இல் சாசனம் பெற்றது. சென்னைச் சங்கம் 1929-இல் தோன்றியது. கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாஹரி 1962-63-ஆம் ஆண்டில் அனைத்துலக ரோட்டரி அமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

அரிமா இயக்கமும் சிகாகோவிலேயே 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவாயிற்று. 1925-ஆம் ஆண்டு அதன் மாநாட்டில் உரையாற்றிய ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாகத் திகழுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக் கொண்டார். கண்ணொளிப் பணியை அவ்வியக்கம் தன் முதன்மைப் பணியாக ஏற்றது அன்றுமுதல்தான். இந்தியாவில் அதன் முதல் சங்கம் 1956-இல் பம்பாயில் தொடங்கப்பெற்றது. 1987 வரை இவ்விரு இயக்கங்களிலும் ஆடவர் மட்டுமே உறுப்பினராக இருந்தனர். அவ்வாண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோட்டரி தொடர்பான வழக்கில் அளித்த தீர்ப்பையொட்டி மகளிர்க்கும் கதவு திறந்தது.

அமைப்பும் நிதியும்

ஊர்ச் சங்கம் ஒன்றின் நடைமுறையை அறிந்தால்தான் அதன் வலிமையும் வரம்பும் விளங்கும். உறுப்பினர் செலுத்தும் ஆண்டுச் சந்தாவிலிருந்து கூட்டச் செலவு, அலுவலகச் செலவு, மேலமைப்புக்குச் செலுத்தும் பங்கு ஆகியவை நிறைவு செய்யப்படுகின்றன. பொதுமக்களிடமிருந்து நன்கொடை, கலைநிகழ்ச்சி, நல்லெண்ணச் சீட்டு முதலியவற்றால் திரட்டும் பணம் வேறு கணக்கில் வைக்கப்பட வேண்டும். பொதுமக்கள் தந்த பணம் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். அதிலிருந்து சங்கத்தின் நிர்வாகச் செலவைச் சரிக்கட்டலாகாது என்பது அரிமா இயக்கத்தின் விதி. இவ்விரு கணக்குகளும் கலவாதிருத்தலே ஒரு சங்கத்தின் நேர்மைக்கு முதற் சான்று எனலாம்.

பெருந்திட்டங்களுக்கு அனைத்துலக அறக்கட்டளைகளின் உதவி கிடைக்கிறது. ரோட்டரி அறக்கட்டளையின் பெரிய மானியங்களைப் பெற, ஓர் உள்ளூர்ச் சங்கமும் வெளிநாட்டுச் சங்கமும் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். அத்துடன், ஊர்மக்களின் தேவை என்ன என்பதை முன்கூட்டியே ஆய்ந்து காட்ட வேண்டும். மானியம் முடிந்த பின்னர்த் திட்டம் எவ்வாறு தொடரும் என்பதையும் விளக்க வேண்டும். வெளிநாட்டு நிதியை இந்தியாவில் நேரடியாகப் பெறும் அமைப்பு, 1976-இல் இயற்றப்பட்டுப் பின்னர் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைக்கு உட்பட்டது.

இவ்வமைப்பின் தனித்தன்மை ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. சங்கத்தின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் தலைவரும் செயலாளரும் மாறுகின்றனர். பதவி ஒருவரிடமே தங்கிவிடாமல் பலரும் பொறுப்பேற்றுப் பயிற்சி பெற இம்முறை வழிசெய்கிறது. அதே சமயம் இதில் ஒரு குறைபாடும் உண்டு. புதிய தலைவர் தம் ஆண்டுக்குள் தொடங்கி, தம் ஆண்டுக்குள் முடித்து, தம் ஆண்டறிக்கையில் சேர்க்கக்கூடிய பணிகளையே நாட முற்படுகிறார். தொடக்க விழாவுக்கும் நிழற்படத்துக்கும் ஏற்ற பணிகள் முன்னிடம் பெறுகின்றன. சென்ற ஆண்டு அளித்த தையல் இயந்திரம் இயங்குகிறதா, சென்ற ஆண்டு அமைத்த குடிநீர் வடிகட்டியில் வடிபொருள் மாற்றப்பட்டதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பும் அல்லாமல் போகிறது. சங்கத்தின் காலம் ஓராண்டு. ஏழையின் தேவையோ அவ்வாறு எல்லை கட்டியதன்று. இந்த இடைவெளியை நிரப்புவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் மையப் பொருள்.

கண் முகாம்களின் காலம்

இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதற் காரணம் கண்புரையாகும். விழியின் உள்ளே இருக்கும் வில்லை முதுமையில் ஒளி ஊடுருவாதவாறு மங்கிப் போவதே இந்நோய். அறுவைச் சிகிச்சையால் இதனைப் போக்கிப் பார்வையை மீட்கலாம். ஆனால் கண் மருத்துவர்கள் நகரங்களில் இருந்தனர். நோயாளிகள் கிராமங்களில் இருந்தனர். இந்நிலையில், மருத்துவரைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, பள்ளிக் கட்டடத்திலோ சத்திரத்திலோ பந்தலிலோ தற்காலிக அறுவைக்கூடம் அமைத்துச் சிகிச்சை செய்யும் கண் முகாம் முறை தோன்றியது. பஞ்சாபில் மோகா நகர மருத்துவர் மதுராதாஸ் பாவா, கர்நாடகத்து மருத்துவர் எம். சி. மோதி ஆகியோர் இம்முறையில் புகழ்பெற்றவர்கள். ஒரே நாளில் 833 கண்புரை அறுவைகளைச் செய்ததாக மருத்துவர் மோதியின் பெயர் கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

இத்தகைய முகாம்களை ஊர்தோறும் ஏற்பாடு செய்து கொடுத்தவற்றுள் சேவைச் சங்கங்களுக்கு முக்கிய இடம் உண்டு. இடம் பிடித்தல், விளம்பரம் செய்தல், நோயாளிகளுக்கு உணவும் படுக்கையும் அளித்தல், கண்ணாடி வாங்கித் தருதல் ஆகிய பொறுப்புகளைச் சங்கத்தார் ஏற்றனர். 1974-இல் நடந்த கணக்கெடுப்பு, நாட்டு மக்களில் 1.38 விழுக்காட்டினர் பார்வையிழந்துள்ளனர் என்று காட்டியது. அதனையடுத்து 1976-இல் மத்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் இலக்கும் சங்கங்களின் ஆர்வமும் ஒருங்கே சேர்ந்தமையால் முகாம்கள் பெருகின. எத்தனை அறுவை என்ற எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாயிற்று.

அக்காலத்து அறுவை முறையில் மங்கிய வில்லையை முழுதுமாக அகற்றிவிட்டு, அதன் வேலையைச் செய்யத் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அக்கண்ணாடி உடைந்தாலும் தொலைந்தாலும் நோயாளி மீண்டும் ஏறத்தாழப் பார்வையற்றவர் ஆகிவிடுவார். முகாம் கலைந்த பின் அவர் யாரிடம் போவார் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை.

குர்ஜா தந்த பாடம்

உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷஹர் மாவட்டத்தைச் சேர்ந்த குர்ஜா, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 1986-இல் அவ்வூர் அரிமா சங்கத்தின் ஏற்பாட்டில் ஒரு கண் முகாம் நடைபெற்றது. 108 பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுள் 88 பேர் கண்புரை நோயாளிகள். அவர்களில் 84 பேருக்கு அறுவை செய்த கண்ணில் தொற்று ஏற்பட்டு, அக்கண்ணின் பார்வை மீட்க முடியாதவாறு அழிந்தது. அறுவையின்போது பயன்படுத்திய உப்புநீர்க் கரைசலே தொற்றுக்குக் காரணம் எனத் தெரியவந்தது.

பொதுநல வழக்காக இது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1989-ஆம் ஆண்டு மே மாதம் வழங்கிய தீர்ப்பில், இடைக்கால உதவியாக அளிக்கப்பட்டிருந்த 5,000 ரூபாயுடன், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மேலும் 12,500 ரூபாய் மாநில அரசு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. முகாம்களில் பின்பற்ற வேண்டிய வழிகாட்டு நெறிகளும், நுண்ணுயிர் நீக்கத்தில் காட்ட வேண்டிய உயர்ந்த கண்டிப்பும் அவ்வழக்கில் விரிவாக ஆராயப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் எவருக்கும் தீய எண்ணம் இருந்ததில்லை. உணவும் இடமும் ஏற்பாடு செய்த சங்கத்தார் நன்மையையே நாடினர். ஆயினும் நல்லெண்ணம் ஒரு குப்பிக் கரைசலைத் தூய்மையாக்கிவிடாது. கட்டணம் செலுத்தி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி எதிர்பார்க்கும் தரத்தை, இலவசமாகச் சிகிச்சை பெறும் நோயாளியும் எதிர்பார்க்கலாம். அந்த உரிமையை அறத்தின் பெயரால் குறைக்க இயலாது. மேலும், தற்காலிக முகாமில் தொற்றின் முதல் அறிகுறி தோன்றும்போது, தொடர்ந்து அறுவையை நிறுத்தவோ உடனே மாற்றுச் சிகிச்சை அளிக்கவோ நிலையான ஏற்பாடு இருப்பதில்லை. நிலையான மருத்துவமனையிலும் தொற்று ஏற்படுவதுண்டு. எனினும் அங்கே பதிவேடு உண்டு, பொறுப்பாளர் உண்டு, மறுநாள் கேள்வி கேட்க ஒரு வாயிற்கதவும் உண்டு.

முகாமிலிருந்து மருத்துவமனைக்கு

இதற்கு மாற்றாக ஒரு முறை அதற்கு முன்னரே வளர்ந்து வந்தது. 1976-இல் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு நாளடைவில் உருவான முறையில், கிராமத்தில் நடப்பது பரிசோதனை மட்டுமே. அறுவை தேவைப்படுவோர் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டு, அங்கே சிகிச்சை பெற்று, மீண்டும் தம் ஊரில் கொண்டுசேர்க்கப்படுகின்றனர். சில வாரங்கள் கழித்து மறு பரிசோதனையும் நடைபெறுகிறது.

இம்முறையில் ஊர்ச் சங்கத்தின் பணி குறைந்துவிடவில்லை. அதன் இயல்புக்கு ஏற்றவாறு மாறியது. மருத்துவமனையால் எளிதில் செய்ய முடியாதது எதுவோ அதனைச் சங்கம் செய்கிறது. எந்தத் தெருவில் எந்த மூதாட்டி வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிறார் என்பது ஊர்க்காரருக்கே தெரியும். சந்தை நாளில் முகாம் வைத்தால் கூட்டம் வராது என்பதையும், அறுவடைக் காலத்தில் துணைக்கு வர ஆள் கிடைக்காது என்பதையும் அவர்களே அறிவர். இடம், விளம்பரம், பரிசோதனை நாளின் உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. சிகிச்சையின் தரம் மருத்துவமனையின் பொறுப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு தெளிவாக வரையப்பட்டிருக்கிறது.

1994 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரைத் தடுப்புத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. 1 கோடியே 10 லட்சம் அறுவைகள் என்ற இலக்கைக் கடந்து, 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன. பந்தலிலும் பள்ளியிலும் நடந்த அறுவை, நிலையான அறுவைக்கூடங்களுக்கு மாறியது. தடித்த கண்ணாடியின் இடத்தைக் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை பெறலாயிற்று. 1992 முதல் மதுரையிலேயே இவ்வில்லை உற்பத்தியானதும், அதன் விலை இறக்குமதி வில்லையைவிடப் பன்மடங்கு குறைந்ததும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றன. மாவட்ட அளவில் ஆட்சித் தலைவரின் தலைமையில் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்கள் அமைக்கப்பட்டு, அரசு, தொண்டு நிறுவனங்கள், ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றின் பணி ஒருங்கிணைக்கப்பட்டது. 2005-இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் தொடங்கிய பின்னர் இவை மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களுடன் இணைக்கப்பட்டன. அனைத்துலக அரிமா அறக்கட்டளை 1990-இல் தொடங்கிய கண்ணொளித் திட்டத்துக்காக உலகெங்கும் 14 கோடி டாலருக்கு மேல் திரட்டியதும் இக்காலத்தில்தான்.

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி பார்வையிழந்தோரின் விழுக்காடு 0.36. பார்வையிழப்பு என்பதன் வரையறை இடையில் மாற்றப்பட்டிருப்பதால், 1974-ஆம் ஆண்டின் 1.38 உடன் இதனை நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. எனினும் முன்னேற்றம் பெரிது என்பதில் ஐயமில்லை. 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே காரணமாக நீடிக்கிறது என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டுகிறது.

இலவசமும் ஏழையும்

1990-களில் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் நடந்த ஓர் ஆய்வு, முகாம் நடத்துவோரைத் திகைக்கச் செய்தது. கண் கோளாறு உள்ள பெரியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேரே அருகில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு வந்திருந்தனர். மற்றையோர் வராமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. முகாமுக்கு வரும் நாளில் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அறுவையைப் பற்றிய அச்சம் வேறு. ஆகவே மருத்துவருக்குப் பணம் தர வேண்டியதில்லை என்ற அளவில் சிகிச்சை இலவசமாக இருப்பினும், ஏழையின் கணக்கில் அது இலவசம் அன்று.

முகாமுக்கு 500 பேர் வந்தனர் என்று எழுதப்படும் அறிக்கை உண்மையே. வராதவர் எத்தனை பேர் என்று அவ்வறிக்கை கூறுவதில்லை. இதனை உணர்ந்த பின்னரே, ஆண்டுக்கு ஒருமுறை வரும் முகாமைத் தவிர, நாள்தோறும் திறந்திருக்கும் சிறு கண் மையங்கள் சிற்றூர்களில் அமைக்கப்படலாயின. அங்குள்ள பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, நகரத்திலுள்ள மருத்துவர் தொலைத்தொடர்பு வழியாக ஆலோசனை கூறுகிறார். இத்தகைய மையத்துக்கு வாடகையோ கருவியோ அளிக்கும் சங்கத்துக்குப் பெருங்கூட்டத்தின் முன் நிகழும் விழா கிடைக்காமல் போகலாம். ஆனால் அதன் கொடை ஆண்டு முழுவதும் வேலை செய்யும்.

குருதிக்கொடையும் நாட்காட்டியும்

1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, பணம் பெற்றுக் குருதி விற்கும் முறை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அன்றுமுதல் தன்னார்வக் கொடையின் தேவை பெரிதும் கூடியது. கல்லூரிகளும் தொழிலகங்களும் போலவே சேவைச் சங்கங்களும் குருதிக்கொடை முகாம்களை ஏற்று நடத்துகின்றன.

இங்கும் கொடையின் அளவைவிடக் காலமே முக்கியம். வழக்கமான பாதுகாப்புக் கரைசலில் சேமித்த முழுக்குருதி 35 நாட்கள் வரையே பயன்படும். தட்டணுக்களின் ஆயுள் ஐந்து நாட்கள் மட்டுமே. விடுதலை நாளன்று ஓர் ஊரிலுள்ள எல்லாச் சங்கங்களும் ஒரே வாரத்தில் முகாம் நடத்தினால், அவ்வாரத்தில் குருதி வங்கி நிரம்பி வழியும். ஐந்தாவது வாரத்தின் முடிவில் பயன்படாதவை அழிக்கப்பட வேண்டியிருக்கும். கல்லூரித் தேர்வுகளும் விடுமுறையும் வரும் கோடைக் காலத்தில், கொடையாளர் குறையும் அந்த வேளையில், பேறுகால அறுவைக்கு வந்த தாய்க்குக் குருதி கிடைக்காமல் போகும். சங்கங்கள் தமக்குள் மாதங்களைப் பங்கிட்டுக்கொண்டு, குருதி வங்கியின் தேவையை முன்கூட்டியே கேட்டு முகாம் நடத்துவதே இதற்கு மாற்று. இதற்குக் கூடுதல் பணம் வேண்டியதில்லை; விழா நாளை விட்டுக்கொடுக்கும் மனம் மட்டுமே வேண்டும்.

இளம்பிள்ளைவாத ஒழிப்பு

சேவைச் சங்கங்களின் பங்கேற்புக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு இளம்பிள்ளைவாத ஒழிப்பாகும். ரோட்டரி இயக்கம் 1985-இல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கி, 12 கோடி டாலர் திரட்ட எண்ணியது. 1988-க்குள் 24 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. 1988-இல் உலக நலவாழ்வுப் பேரவை இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பதென்று தீர்மானித்தது. அப்போது 125-க்கு மேற்பட்ட நாடுகளில், ஆண்டொன்றுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாகிவந்ததாக மதிப்பிடப்பட்டது.

இந்தியாவில் 1994 அக்டோபர் 2 அன்று டில்லியில் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் முறை தொடங்கப்பெற்று, 1995 டிசம்பரிலிருந்து நாடு முழுதும் விரிந்தது. நாடளாவிய ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து அளிக்கப்பட்டது. சுமார் 23 லட்சம் பணியாளர் ஈடுபட்டனர். மருந்தும் குளிர்பதனச் சங்கிலியும் பணியாளர் படையும் அரசின் பொறுப்பில் இருந்தன. நோய் கண்காணிப்பில் உலக நலவாழ்வு நிறுவனமும், மக்கள் தொடர்பில் யுனிசெப் நிறுவனமும் துணைநின்றன. ஊர்ச் சங்கங்கள் சொட்டு மருந்துச் சாவடிகளை அமைத்தல், பணியாளருக்கு வண்டியும் உணவும் தருதல், பதாகை கட்டுதல், குழந்தைகளுக்கு ஊதலும் விளையாட்டுப் பொருளும் வழங்கி அழைத்துவருதல் ஆகியவற்றைச் செய்தன.

ஆனால் பணத்தாலும் பதாகையாலும் தீராத சிக்கல் ஒன்று மேற்கு உத்தரப் பிரதேசத்தில் எழுந்தது. சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி பரவி, பல குடும்பங்கள் கதவை அடைத்தன. வேறு நோய்களுக்கு மருத்துவரே கிடைக்காத ஊரில், ஒரு மருந்து மட்டும் வாசல் தேடித் திரும்பத் திரும்ப வருவானேன் என்ற ஐயமும் அவர்களுக்கு இருந்தது. அந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ரோட்டரி இயக்கத்தார் முஸ்லிம் சமய அறிஞர்களான உலமாக்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தனர். பொது மருத்துவ முகாம்களும் நடத்தப்பட்டன. தம்மவர் என்று மக்கள் மதித்தோரே வந்து பேசியபோது கதவுகள் திறந்தன.

2009-இல் இந்தியாவில் 741 குழந்தைகளை இந்நோய் தாக்கியது; அவ்வாண்டில் உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் பாதிக்கப்படவில்லை. 2010-இல் அவ்வெண்ணிக்கை 42 ஆயிற்று. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தையே இயற்கை நச்சுயிரியால் தாக்குண்ட கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இந்நோயற்றது என்று சான்றளிக்கப்பட்டது. ஓராண்டுப் பதவிக்காரர்களால் ஆன ஓர் இயக்கம், கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே இலக்கில் நின்றது எவ்வாறு? இலக்கு மேலமைப்பால் உறுதி செய்யப்பட்டிருந்தது. எந்த ஊர்த் தலைவரும் அதனைத் தம் விருப்பப்படி மாற்ற இயலவில்லை. செயற்களமோ அரசின் நிலையான அமைப்பைச் சார்ந்திருந்தது. தலைவர்கள் மாறினர், பணி மாறவில்லை.

கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, சேவைச் சங்கங்களின் உதவியை நாடும் அலுவலர்களும் உதவ முன்வரும் சங்கங்களும் கருத்தில் கொள்ளத்தக்க சில நெறிகளை வகுக்கலாம்.

1. பொருளைக் கொடுக்குமுன் அதனைப் பேணுவோர் யார் என்பது எழுத்தில் உறுதியாக வேண்டும். பள்ளிக்கு அளிக்கும் குடிநீர் வடிகட்டியுடன், அதன் சில ஆண்டுப் பராமரிப்புச் செலவும் திட்டத்தில் சேர வேண்டும்.

2. உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு நேரக்கூடிய பணிகளில் சங்கம் மக்களைத் திரட்டித் தருவதோடு நின்று, சிகிச்சையை ஏற்பு பெற்ற நிலையான மருத்துவமனையிடம் விட வேண்டும். அலுவலர் அனுமதி வழங்கும்போது இக்கோடு எங்கே வரையப்பட்டுள்ளது என்று பார்ப்பது கடமையாகும்.

3. அறிக்கையில் வந்தவர் எண்ணிக்கையுடன் விளைவும் இடம்பெற வேண்டும். அறுவை பெற்றவருள் பார்வை மீண்டவர் எத்தனை பேர், மறு பரிசோதனைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பவை கணக்கிடத் தக்கவையே.

4. தேவை எது என்பதை முடிவு செய்யும் இடத்தில் பயன்பெறுவோர் இருக்க வேண்டும். சங்க உறுப்பினர் அல்லாத ஊர்மக்களைக் கொண்டு 1986 முதல் ரோட்டரி அமைத்துவரும் ஊர்ச் சேவைக் குழுக்கள் இதற்கு ஒரு வழி. ஊராட்சியின் கிராம சபை மற்றொரு வழி.

5. தலைவர் மாறும் ஜூலை மாதத்தில், நடந்துகொண்டிருக்கும் பணிகளின் பொறுப்புப் பட்டியல் ஒன்று புதியவரிடம் கைமாற வேண்டும். அதன் படி மாவட்ட அலுவலகத்திலும் இருப்பது நன்று.

முடிவுரை

சேவைச் சங்கங்கள் அரசின் கடமையை ஏற்க வந்தவையல்ல. அவற்றின் நிதி, அரசின் நலத்துறைச் செலவோடு ஒப்பிடச் சிறியது. ஆனால் அரசு அலுவலருக்கு எளிதில் கிட்டாத ஒன்று அவற்றிடம் உண்டு. ஊரின் வணிகரும் மருத்துவரும் ஆசிரியரும் தம் அண்டை வீட்டாரிடம் பெற்றுள்ள நம்பிக்கை அது. நிலையான நிறுவனம் ஒன்றின் திறமையோடு அந்நம்பிக்கை சேரும்போது, மூதாட்டி ஒருவர் பேருந்தேறி அறுவைக்குச் செல்கிறார். தாய் ஒருத்தி அடைத்த கதவைத் திறக்கிறாள். அந்தத் திறமை இல்லாத இடத்தில் அதே நம்பிக்கை மக்களை ஆபத்துக்கு அழைத்துச் செல்லவும் கூடும் என்பதைக் குர்ஜாவில் கண்டோம்.

ஆகவே, ஒரு சங்கத்தின் கொடையை மதிப்பிட விழா நாளைவிட அதற்கடுத்த ஆண்டே ஏற்ற காலம். புதிய தலைவர் பதவியேற்கும் கூட்டத்தில் இவ்வாண்டு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பதற்கு முன், சென்ற ஆண்டு நாம் அழைத்துச் சென்றவர்கள் இன்று எவ்வாறு இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுமாயின், அச்சங்கத்தின் தொண்டு நிலைத்த பயன் தரும்.